மூன்று பேரும் எட்டு போட்டார்கள்

1

கோலாலம்பூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் நிறைந்த அன்று காலை, பல்கலைக்கழகத்தின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாழ்த்து அல்ல. என் ஒப்பந்தம் இன்னும் பத்து வாரங்களில் முடிகிறது, புதுப்பிக்க வேண்டுமானால் கீழ்க்கண்டவற்றைச் சமர்ப்பிக்கவும் என்றிருந்தது. கீழே பதினான்கு ஆவணங்கள். நான் பட்டியல் போடுகிற ஆள். பிறர் போட்ட பட்டியலையும் மரியாதையோடு படிப்பேன். பன்னிரண்டு என்னிடம் ஏற்கெனவே கோப்பில் இருந்தன. பதின்மூன்றாவது, ஆய்வின் முன்னேற்ற அறிக்கை. பதினான்காவது, ஆய்வுத் தலைவர் முதலில் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுப் படிவம்.

அறிக்கை இல்லாவிட்டால் படிவம் இல்லை. படிவம் இல்லாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் வேலை பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் திருச்சிக்கு ஒருவழி டிக்கெட். வெளிநாட்டில் இருக்கிற பலருக்கும் வாழ்க்கை இப்படி ஒரு நான்கு கண்ணிச் சங்கிலியில்தான் தொங்குகிறது. மற்றதெல்லாம் பிறகுதான்.

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். விருதுநகரில் என் அம்மா எல்லோரிடமும் நான் பல் டாக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒளியியல் படித்த பொறியாளர். பல் மருத்துவ மாணவர்கள் உயிருள்ள வாய்க்குள் கை வைப்பதற்கு முன், பொம்மைத் தலைகளில் பொருத்திய பிளாஸ்டிக் பற்களைச் சீவிப் பழகுவார்கள். பல்லுக்கு உறை போட வேண்டுமானால் சுற்றிலும் இவ்வளவுதான் சீவலாம், இந்தச் சரிவில்தான் சீவலாம் என்று கணக்கு உண்டு. நான் செய்த கருவி, சீவிய பல்லின்மேல் வரிவரியாக ஒளியைப் பாய்ச்சும். மேடுபள்ளத்துக்கு ஏற்ப வரிகள் வளையும். அந்த வளைவைக் கேமரா பிடித்துக்கொள்ளும். அதிகம் சீவிய இடம் சிவப்பு, குறைவாகச் சீவிய இடம் நீலம், சரியான இடம் பச்சை. ஆசிரியரிடம் திட்டு வாங்கிக் கற்பதைவிட இந்த வண்ணப்படத்தைப் பார்த்து மாணவர்கள் சீக்கிரம் கற்பார்களா என்பதுதான் எங்கள் ஆய்வு.

ஆகவே இதில் பல் மருத்துவம் உண்டு, ஒளியியல் உண்டு, கற்பித்தல் முறை உண்டு. பல்கலைக்கழகக் கணினியில் துறைக்கு ஒரே கட்டம்தான் உண்டு. மூன்றையும் எழுதினேன், சிவப்பு எழுத்தில் மறுத்தது. மனிதவளப் பிரிவுக்கு மூன்று முறை நடந்தேன். கடைசியில் அங்கிருந்த பெண்மணி என் சார்பில் ஒரு பொத்தானை அழுத்தி என்னை 'லாயின்-லாயின்' ஆக்கினார். மலாயில் அதற்கு 'இதர' என்று பொருள். மூன்று ஆண்டுகளாக நான் இதர துறையில் பணிபுரிகிறேன்.

2

குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில், சரோஜா ஆன்டி வீட்டின் பின்னறையில். கிள்ளானில் பிறந்தவர், கணவர் காலமான பிறகு அறையை வாடகைக்கு விடுகிறார். தினமும் காலையில் அவர் முதலில் கேட்பது, "பசியாறியாச்சா?" வந்த முதல் மாதம், "பசிக்கவே இல்லை ஆன்டி" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே அது காலை உணவு ஆயிற்றா என்ற விசாரிப்பு என்று தெரிவதற்குள் இரண்டு கிலோ இளைத்திருந்தேன்.

மின்னஞ்சல் வந்த அன்றும் கேட்டார். ஆயிற்று என்றேன்.

"அப்ப இதைக் கொஞ்சம் பாரு லா" என்று வாயைத் திறந்தார்.

"ஆன்டி, நான் பல் டாக்டர் இல்ல. எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும், தெரியும். லைட் அடிச்சுப் பாக்குறதுதானே உன் வேலை? போன்ல லைட் இருக்குல்ல, அடி."

அடித்தேன்.

"என்ன தெரியுது?"

"ஓட்டை தெரியுது ஆன்டி. க்ளினிக் போங்க."

"அதைத்தான் நானும் நினைச்சேன். இத சொல்றதுக்கு அங்க போய் நம்பர் எடுத்து ரெண்டு மணி நேரம் உக்காரணுமா?" என்று வாயை மூடிக்கொண்டு திருப்தியாகப் போய்விட்டார்.

புலம்பெயர்ந்தவர்கள் இந்த மாதிரிக் குறிப்புகளில் பிள்ளைகள் தமிழை விட்டு விலகிப்போவதைப் பற்றிக் கண்டிப்பாக எழுதுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. விலகிப்போகிற பிள்ளை நான்தான். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் அம்மாதான் அந்தக் கவலையைப் படுகிறார்.

"ராத்திரிக்கு ரொட்டி பூங்குஸ் பண்ணிட்டு வந்துட்டேன்மா."

"என்ன பண்ணிட்டு வந்த?"

"பார்சல்மா."

"அதை அப்படியே சொல்ல வேண்டியதுதானே? அப்புறம் என்னடி அது, பேச்சுக்குப் பேச்சு லா, லாங்குற? யாரு அந்த லா?"

ஒப்பந்தம் முடியப்போவதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "அப்ப வந்துருவியா?" என்று சந்தோஷமாகக் கேட்பார். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

3

எங்கள் ஆய்வுத் தலைவருக்கு டத்தோ பட்டம் உண்டு. இந்த நாட்டில் பட்டம் வந்துவிட்டால் பெயர் ஓய்வு பெற்றுவிடும். துணைவேந்தர் முதல் வாயிற்காவலர் வரை அவரை டத்தோ என்றே கூப்பிடுவார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவரின் பேரன். மூன்றாவது தலைமுறையிலும் அவர் தமிழில் 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' இருக்கிறது. கோபம் வந்தால் தமிழே இருக்காது. பல் சீவுவதில் அவர் கையைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். நல்ல மனிதர். அவர் சொன்னதற்கு மாற்றாக யாரும் எதுவும் சொல்லி நான் கேட்டதில்லை.

கருவியை நம்ப வேண்டுமானால் அது தரும் மதிப்பெண் நிபுணர்களின் மதிப்பெண்ணோடு ஒத்துப்போக வேண்டும். அதற்கு மூன்று நிபுணர்கள்: டத்தோ, கிள்ளானிலிருந்து வரும் டாக்டர் கவிதா, அவருக்கும் இளையவரான டாக்டர் ஹஃபிஸ். மாணவர்கள் சீவிய பற்கள் ஐம்பது, ஒவ்வொன்றும் எண் ஒட்டிய சிறு டப்பாவில். மூவரும் தனித்தனியாகப் பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். கருவியைச் செய்தவள் என்பதால் நான் அந்த அறையில் இருக்கக் கூடாது என்பது விதி. விதியை எழுதியதும் நான்தான். மின்னஞ்சல் வந்த மூன்றாம் வாரம் அவர்கள் மதிப்பெண் போட்ட நாளில், பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ஐம்பது என்று சொன்னேனே, உண்மையில் நாற்பத்தைந்துதான். ஐந்து பற்களுக்கு வேறு எண் ஒட்டி இரண்டாம் முறையும் வைத்திருந்தேன். ஒரே பல்லுக்கு ஒருவர் இரண்டு வேளையில் ஒரே மதிப்பெண் போடுகிறாரா என்று பார்ப்பதற்கு. இது எல்லா ஆய்விலும் செய்வதுதான். யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மூவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைச் சொல்ல ஓர் எண் உண்டு. குருட்டாம்போக்கில் போட்டால் பூஜ்யம். அச்சு அசலாக ஒரே மாதிரி போட்டால் ஒன்று. மனிதர்கள் ஒன்றைத் தொடுவதில்லை. பாதிக்கு மேல் வந்தாலே நிம்மதியாக மூச்சு விடலாம். மாலையில் கணக்கிட்டேன். ஒன்று வந்தது.

எழுந்து மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். இரண்டு நிமிடம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிறகுதான் தாள்களை எடுத்துப் பார்த்தேன்.

ஒன்று: முப்பத்தொன்றாம் பல்லுக்கு டத்தோ ஏழு போட்டிருந்தார். கவிதாவின் தாளில் அந்த இடம் காலி. ஹஃபிஸின் தாளிலும் காலி.

இரண்டு: ஆறாம் எண்ணும் நாற்பத்து நான்காம் எண்ணும் ஒரே பல். ஆறாம் எண்ணுக்கு டத்தோ நாலு போட்டிருந்தார். கவிதா நாலு, ஹஃபிஸ் நாலு. நாற்பத்து நான்காம் எண்ணுக்கு டத்தோ எட்டு. மூன்று பேரும் எட்டு.

மற்ற நான்கு இரட்டைகளும் இதே கதைதான். இரட்டைகளில் ஒன்றை மதிய உணவுக்கு முன்பும் மற்றதைப் பின்பும் வருமாறு வைத்திருந்தேன். அன்று டத்தோ எல்லோரையும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப்போய் வாழை இலைச் சாப்பாடு வாங்கித் தந்தார். சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு மாணவர்களின் கைத்திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது.

4

இதைப் பார்த்து எனக்கு அதிர்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது அதிர்ச்சி அல்ல, நன்றாகப் பழகிய ஏதோ ஒன்று.

மதுரைக்குப் பக்கத்தில் நான் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடம் நினைவுக்கு வந்தது. சோடியம் விளக்கின் அலைநீளத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை. விடை 5893 ஆங்ஸ்ட்ராம் என்று பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் சீனியர் அக்காக்கள் எழுதிவைத்திருப்பார்கள். தேர்வு நாளில் மின்சாரம் வந்து வந்து போனது. விளக்கு மஞ்சளாக மாறவே இல்லை, ஏதோ ரோஸ் நிறத்தில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அறுபது பேரும் 5893-இல் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்குத் தோதான அளவீடுகளை அட்டவணையில் நிரப்பினோம். ஒரே ஒருத்தி, சுமதி, தான் பார்த்ததை அப்படியே எழுதி ஆறாயிரத்துச் சொச்சம் என்று விடை கொண்டுவந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளை மட்டும் எழுப்பி நிறுத்தி, "மத்த அம்பத்தொம்போது பேருக்கும் கரெக்டா வந்திருக்கு, உனக்கு மட்டும் ஏம்மா வரல?" என்று கேட்டார்.

எனக்கு நூற்றுக்கு நூறு. இருட்டில் எடுத்த நூறு. ஒளியியலில் என் பயணம் அங்கே தொடங்கியது.

5

சனிக்கிழமை கொம்யூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அங்கே லிட்டில் இந்தியாவில் நடைபாதையோரம் ஓர் ஒட்டுக்கடையில் கவிதாக்காவோடு உட்கார்ந்தேன். ஆறு வயது மூத்தவர். வேலையில் டாக்டர், வெளியே அக்கா. இரண்டு தோசை, நுரைக்க இழுத்து ஆற்றிய இரண்டு தே தாரிக் வந்ததும் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஐயோ. கண்டுபிடிச்சிட்டியா?"

"ரகசியமாதானே போடச் சொன்னேன்?"

"நாங்க ரகசியமாதான் போட்டோம். அவருதான் சத்தமா போட்டாரு." டத்தோவுக்கு நாற்பது வருட ஆசிரியர் பழக்கம், பல்லைப் பார்ப்பார், வாய்விட்டு மதிப்பெண் சொல்வார், பிறகுதான் எழுதுவார். "டத்தோ எட்டுனு சொன்னதுக்கப்புறம் நான் எப்படி லா நாலு போடறது? என் ப்ரமோஷன் ஃபைல் அவரு டேபிள்லதான் இருக்கு."

"ஹஃபிஸ்?"

"அவரு தமிழ் சேனல் இல்லயே. டத்தோ பாதி நேரம் தமிழ்ல எண்ணுவாரு, அவருக்குப் புரியாது. என் பேப்பரப் பாத்துப் போட்டுக்குவாரு."

"முப்பத்தொண்ணு ஏன் காலி?"

"அப்பதான் டத்தோவுக்குப் போன் வந்துச்சு. மனசுக்குள்ளயே சொல்லி எழுதிட்டாரு."

கவிதாக்கா குரலைத் தாழ்த்தினார். "வித்யா, உனக்குத் தேவை என்ன, ஒத்துப்போகணும். ஒத்துப்போயிருச்சு. ரிப்போர்ட் எழுது, பாஸ் எடு, வா, சேர்ந்து தீபாவளி கொண்டாடுவோம். எதுக்குக் கிளர்ற?"

"இந்த மார்க்கை வச்சு மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தா, அதுவும் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு சொல்லும் அக்கா. அதை நம்பிப் பசங்க பாஸ் ஆவாங்க, ஃபெயில் ஆவாங்க. அப்புறம் நம்ம வாய்க்கு வருவாங்க."

கவிதாக்கா தன் தாடையை மெதுவாகத் தொட்டுக்கொண்டார். "சரி. சொல்றதுனா சொல்லு. என் பேரை மட்டும் இழுக்காதே."

திரும்பும் ரயிலில் பட்டியல் போட்டேன். (அ) பேசாமல் இருப்பது. (ஆ) காரணம் சொல்லாமல், மூவரையும் தனித்தனி அறையில் மறுபடி மதிப்பெண் போடச் சொல்வது. (இ) டத்தோவிடம் நேரில் சொல்வது. (அ)-வுக்கு எதிரே 'பாஸ் நிச்சயம்' என்று எழுதினேன். (இ)-க்கு எதிரே 'திருச்சி' என்று எழுதினேன். பெரிய தைரியசாலி எல்லாம் இல்லை, (ஆ)-வைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

6

திங்கட்கிழமை மூவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். 'முறைமையை வலுப்படுத்தும் பொருட்டு' என்று தொடங்கும் அழகான ஆங்கிலம். ஹஃபிஸ் 'குறித்துக்கொண்டேன்' என்று ஒரு வார்த்தையில் பதில் எழுதினார். கவிதாக்கா கட்டைவிரல் படம் அனுப்பினார். டத்தோ பதில் எழுதவில்லை. இறங்கி வந்துவிட்டார், கூடவே, வழியில் அகப்பட்ட மற்ற இருவரும்.

எங்கள் பயிற்சிக்கூடத்தில் நாற்பது பொம்மைத் தலைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். அவற்றின் நடுவே நின்று டத்தோ கேட்டார்:

"என்ன பிள்ளை இது, தனித்தனி ரூம்? நாங்கள் என்ன பள்ளிக்கூடப் பிள்ளைகளோ, பார்த்தெழுத?"

(ஆ) முடிந்தது. நான் (இ)-க்குப் போனேன். கணினித் திரையில் ஆறாம் எண்ணையும் நாற்பத்து நான்காம் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "டத்தோ, இதுக்கு நாலு போட்டிருக்கீங்க. இதுக்கு எட்டு. ரெண்டும் ஒரே பல்."

"சான்ஸே இல்லை. அது வேற பல்."

ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் காட்டினேன். முழுக்கப் பச்சை. ஒரு புள்ளிகூடச் சிவப்பில்லை, நீலமில்லை. மூன்று ஆண்டுகளில் அந்தக் கருவி இவ்வளவு துல்லியமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை, அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

டத்தோ திரையை விட்டு நகர்ந்தார். "அந்தப் பல்லைக் கொண்டு வாங்கோ."

கொடுத்தேன். பூதக்கண்ணாடி பொருத்திய தன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆறு. சிக்ஸ்" என்றார். பிறகு பல்லை நீட்டினார். "ஹஃபிஸ்?"

ஹஃபிஸ் வாங்கி ஒரு விநாடி பார்த்தார். "சிக்ஸ், டத்தோ."

"கவிதா?"

கவிதாக்கா வாங்கக்கூட இல்லை. "ஆறு, டத்தோ."

டத்தோ தலையசைத்தார். அசைத்த தலை பாதியில் நின்றது. ஹஃபிஸைப் பார்த்தார், கவிதாக்காவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நான் இப்ப, இவையளைக் கேட்க முதலே ஆறு எண்டு சொன்னனானோ?"

"ஆமாம் டத்தோ. ரெண்டு பாஷையிலயும் சொன்னீங்க."

"எப்பவும் சொல்லுறனானோ?"

ஹஃபிஸ் கவிதாக்காவைப் பார்த்தார். கவிதாக்கா என்னைப் பார்த்தார். நான் அருகிலிருந்த பொம்மைத் தலையைப் பார்த்தேன்.

"முப்பத்தொண்டு ஏன் காலியா கிடக்கு?" என்றார் டத்தோ, தாள்களைப் புரட்டியபடி.

"உங்களுக்குப் போன் வந்துச்சு டத்தோ" என்று கவிதாக்காவின் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

டத்தோ சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தார். பிறகு ஆங்கிலத்தில், நாளை காலை எட்டு மணி, மூன்று அறை என்றார். வெளியே போகும்போது வாசலில் நின்று, "போன்களையும் வாங்கி வையும்" என்று எனக்கு மட்டும் தமிழில் சொன்னார்.

7

போன்களைக் கருவிகள் கிருமிநீக்கும் உறைகளில் போட்டு ஒட்டி வைத்தேன். மதிய உணவு இடைவேளை இல்லாமல் இரண்டு காலைகளில் முடித்தோம். ஐம்பது பற்களையும் புது எண்கள் ஒட்டிக் கலைத்து வைத்திருந்தேன்.

டாக்டர் ஹஃபிஸ் மனதுக்குள் ஒரு புலியை வளர்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. டத்தோ எட்டு போட்ட பல்லுக்கு அவர் இரண்டு போட்டிருந்தார். கவிதாக்கா எந்தப் பல்லுக்கும் ஐந்துக்குக் கீழே போடவில்லை. "பாவம், சின்னப் பசங்க" என்பது அவர் விளக்கம். முடிவுகளைப் பார்த்த அன்று டத்தோவும் ஹஃபிஸும் பதினேழாம் பல்லைப் பற்றித் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். "மரியாதையோடு சொல்றேன் டத்தோ, இல்லை" என்று ஹஃபிஸ் ஆங்கிலத்தில் சொன்னதைக் கேட்க மாணவர்கள் மாடிப்படியில் நின்றார்கள்.

ஒத்துப்போகும் எண் ஒன்றிலிருந்து பாதிக்குச் சற்று மேலே இறங்கி நின்றது. நிம்மதியாக மூச்சுவிட்டேன். கருவியின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது மூவரில் அதிகம் ஒத்துப்போனது ஹஃபிஸோடு.

"உம்முடைய மெஷினுக்கும் மரியாதை தெரியாது" என்றார் டத்தோ.

நடந்ததையெல்லாம் அறிக்கையில் எழுதினேன். முதல் சுற்று செல்லாது, காரணம் இன்னது, இரண்டாம் சுற்று இவ்வாறு. பெயர்கள் போடவில்லை, மூன்று மதிப்பீட்டாளர்கள் என்று மட்டும். அறிக்கையும் மதிப்பீட்டுப் படிவமும் டத்தோவின் மேசைக்குப் போயின. ஒரு வாரம் அங்கேயே இருந்தன. மனிதவளப் பிரிவுப் பெண்மணி தினமும் தொலைபேசியில் கேட்டார்: "டத்தோ சைன் பண்ணிட்டாரா, மிஸ்?" இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவர் குரலில் எனக்காக ஓர் இரக்கம் கூடிக்கொண்டே போனது. ஒப்பந்தம் முடிய இன்னும் பதினேழு நாட்கள் இருந்தன. நான் ஊருக்கு எடுத்துப்போக வேண்டிய பொருள்கள், விட்டுப்போக வேண்டியவை என்று இரண்டு பட்டியல் தயாரித்துவிட்டேன். கருவி இரண்டாவதில் இருந்தது.

எட்டாம் நாள் டத்தோ கூப்பிட்டார். மேசைமேல் என் படிவம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. அறிக்கை பக்கத்தில். அதன் ஓரங்களில் எல்லாம் பென்சிலால் திருத்தம். நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட அவர் நீக்கியிருக்கவில்லை, காற்புள்ளிகளைத்தான் மாற்றியிருந்தார்.

"இருங்கோ" என்றார். "இந்தப் படிவத்தில் மூன்று பேர் மார்க் போட வேணும். நான் முதல். பிறகு துறைத் தலைவர். பிறகு டீன் ஒபீஸில் ஒருத்தர். அவையள் ரெண்டு பேரும் உம்மைப் பார்த்திருக்கினமோ?"

"இல்ல டத்தோ." நான் இதர துறை. என்னைப் பார்க்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

"அப்ப என்னெண்டு மார்க் போடுவினம்?"

"உங்க மார்க்கைப் பார்த்துப் போடுவாங்க டத்தோ."

"ஓம்." பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப அவையளையும் தனித்தனி ரூமில வச்சு, என்ர மார்க்கைக் காட்டாமல் போடச் சொல்லட்டோ? முறைமையை வலுப்படுத்தும் பொருட்டு?"

ஐந்து வாரங்களாக அறிவியல் நேர்மைக்காகப் போராடியவள் நான். கிள்ளான் வரை ரயிலில் போனவள். பதில் சொல்ல அரை விநாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம் டத்தோ."

"நானும் அதைத்தான் நினைச்சனான்" என்றவர், படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, "எட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.